முறுக்கை அவிழ்க்கும் நொதி

டி.என்.ஏ. இரட்டிப்பாதலைக் கற்பிக்கும்போது, "ஜிப்பைப் போல இரு இழைகளும் பிரிகின்றன" என்று சொல்வது நம் வழக்கம். ஆனால் ஜிப்பின் இரு பக்கங்களும் நேரானவை. டி.என்.ஏ. இழைகளோ ஒன்றையொன்று சுற்றியிருப்பவை. அவற்றைப் பிரித்தால் அந்த முறுக்கு எங்கே போகும்?

இதற்கு நான் பத்தாம் வகுப்பில் செய்யும் செயல்பாடு எளிது. இரு நிறக் கயிறுகளை, ஒரு மீட்டர் நீளத்தில், 20 சுற்று முறுக்கி இரு முனைகளையும் ஜன்னல் கம்பிகளில் இறுக்கிக் கட்டுகிறேன். கயிறுகளுக்கு நடுவே பென்சிலை நுழைத்து ஒரு பக்கமாகத் தள்ளச் சொல்கிறேன். தள்ளத் தள்ள முன்னால் உள்ள முறுக்கு இறுகி, பென்சில் நின்றுவிடுகிறது. அங்கே ஒரு கயிற்றை மட்டும் வெட்டி, மற்றதிலிருந்து சில சுற்றுகள் அவிழ்த்து, மீண்டும் முடிச்சிட்டால் பென்சில் நகர்கிறது.

உட்கருவில் இவ்வேலையைச் செய்பவை டோபோஐசோமெரேஸ் நொதிகள். முதல் வகை ஓர் இழையை வெட்டி ஒட்டுகிறது. இரண்டாம் வகை இரு இழைகளையும் வெட்டி, இடைவெளி வழியே வேறொரு டி.என்.ஏ. பகுதியைக் கடத்தியபின் ஒட்டுகிறது.

வேலையின் அளவை மாணவர்களையே கணக்கிடச் சொல்லலாம். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் செடியின் மரபணுத் தொகுதியில் சுமார் 13.5 கோடி கார இணைகள் உள்ளன. சுற்றுக்கு ஏறத்தாழ 10 இணைகள் என்றால், அது ஒருமுறை இரட்டிப்பாக 1.3 கோடி சுற்றுகளுக்கு மேல் அவிழ வேண்டும்!

வெட்டிய இழையை ஒட்டவிடாமல் தடுத்தால் என்ன ஆகும்? சீனாவின் கேம்ப்டோதீகா மரத்திலிருந்து 1966இல் வால், வானி ஆகியோர் பிரித்தெடுத்த கேம்ப்டோதெசின் அதைத்தான் செய்கிறது. டி.என்.ஏ. முறிந்து, பிரிந்துகொண்டிருக்கும் செல் இறக்கிறது. இதிலிருந்து உருவான டோபோடீகன், இரினோடீகன் ஆகியவை இன்று புற்றுநோய் மருந்துகள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோத்தபோடைட்டஸ் மரத்திலும் கேம்ப்டோதெசின் உண்டு.

இங்கே வகுப்பில் ஒரு கேள்வி கேட்கலாம்: கேம்ப்டோதீகா மரத்தின் செல்களிலும் அதே நொதி உண்டே, தன் நஞ்சால் மரம் ஏன் சாவதில்லை? மாணவர்கள் ஊகித்த பிறகு விடையைச் சொல்லுங்கள். அம்மரத்தின் நொதியில், மனித நொதியின் வரிசைப்படி 722ஆம் இடத்தில், அஸ்பரஜினுக்குப் பதில் செரின் என்ற அமினோ அமிலம் உள்ளது. அதனால் நஞ்சு அந்த நொதியை முடக்க முடிவதில்லை. ஜப்பானில் நடந்த ஆய்வு 2008இல் இதை வெளியிட்டது. இம்மருந்துக்குக் கட்டுப்படாத மனிதப் புற்றுநோய்ச் செல்களிலும் இதே மாற்றம் காணப்பட்டுள்ளது.

நொதி, திடீர்மாற்றம், பரிணாமம் என நாம் தனித்தனியே நடத்தும் மூன்று பாடங்களும் இந்த ஒரே கேள்வியில் சேர்ந்துவிடுகின்றன.