எலிபன்ட் தீவின் பாறைமுனை உணர்த்தும் பாடம்

அந்தாட்டிக்கத் தீபகற்பத்தின் முனையிலிருந்து ஏறத்தாழ 245 கிலோமீற்றர் தொலைவில், தென் ஷெட்லாந்துத் தீவுக் கூட்டத்தின் விளிம்பில் அமைந்துள்ளது எலிபன்ட் தீவு. செங்குத்தான மலைகளும் பனியாறுகளும் நிறைந்த இத்தீவில் நிரந்தரக் குடியிருப்பு எதுவும் கிடையாது. ஆயினும், அதன் வடகரையில் கடலுக்குள் நீண்டிருக்கும் வைல்ட் முனை என்னும் சிறியதொரு பாறைமுனை வரலாற்றில் நிலையான இடத்தைப் பெற்றுள்ளது.

சேர் ஏர்னஸ்ட் ஷக்கிள்டன் தலைமையில் 1914 இல் புறப்பட்ட பிரித்தானிய ஆய்வுக் குழுவின் 'என்டூரன்ஸ்' கப்பல், வெடல் கடலின் பனிக்கட்டிகளிடையே சிக்கி நசுங்கி, 1915 நவம்பரில் மூழ்கியது. மிதக்கும் பனிப்பரப்பில் மாதக்கணக்கில் தங்கியிருந்த 28 பேரும், பின்னர் மூன்று படகுகளில் ஏறி, 1916 ஏப்ரல் 15 ஆம் திகதி இத்தீவின் கிழக்கு அந்தத்திலுள்ள வலன்டைன் முனையில் கரையேறினர். 16 மாதங்களுக்குப் பின்னர் அவர்கள் கால்பதித்த முதல் நிலம் அதுவாகும்.

எனினும், நிலம் கிடைத்தமையால் மட்டும் பாதுகாப்புக் கிடைத்துவிடவில்லை. ஒடுங்கிய கரையின் பின்னால் செங்குத்துப் பாறை எழுந்து நின்றது. கடல் பொங்கினால் அலைகள் பாறையின் அடிவரை ஏறும் என்பதற்கான தடயங்கள் அங்கே தெளிவாகக் காணப்பட்டன. எனவே, இரண்டு நாட்களில் மேற்கே சுமார் 11 கிலோமீற்றர் தொலைவிலிருந்த மற்றொரு முனைக்கு அவர்கள் இடம்பெயர்ந்தனர்.

ஏப்ரல் 24 ஆம் திகதி ஷக்கிள்டனும் ஐவரும் ஏழு மீற்றர் நீளங்கூட இல்லாத படகொன்றில், சுமார் 1,300 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள தென் ஜோர்ஜியாவை நோக்கி உதவி தேடிச் சென்றனர். எஞ்சிய 22 பேருக்கும் பிராங்க் வைல்ட் பொறுப்பேற்றார். அம்முனை இன்று தாங்கி நிற்பது அவரது பெயரையே. கற்சுவர்களின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்ட இரு படகுகளே அவர்களது கூரையாயின. பென்குயின், சீல் ஆகியவற்றின் இறைச்சி உணவாகவும் கொழுப்பு எரிபொருளாகவும் பயன்பட்டன. கடுங்குளிரால் கால்விரல்கள் அழுகிய இளைஞர் ஒருவருக்கு அக்கூரையின் கீழேயே சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. தலைவர் இன்று வரக்கூடும் என்று கூறி, எவரும் மனந்தளராதவாறு வைல்ட் பார்த்துக்கொண்டார்.

முதலாம் உலகப் போர் உக்கிரமடைந்திருந்த காலமது. உருகுவே அரசு வழங்கிய கப்பலில் மேற்கொள்ளப்பட்டது உட்பட மூன்று மீட்பு முயற்சிகள் பனிக்கட்டிகளால் தோல்வியடைந்தன. இறுதியில், லூயிஸ் பார்டோ செலுத்திய சிலிக் கடற்படையின் 'யெல்ச்சோ' என்ற சிறு கப்பல், ஓகஸ்ட் 30 ஆம் திகதி 22 பேரையும் உயிருடன் மீட்டது.

இத்தீவுக்குப் பிரித்தானியா, சிலி, ஆர்ஜென்டீனா ஆகிய மூன்று நாடுகளும் உரிமை கோருகின்றன. 1959 இல் கைச்சாத்திடப்பட்டு 1961 இல் நடைமுறைக்கு வந்த அந்தாட்டிக்க உடன்படிக்கை, எவரது கோரிக்கையையும் ஏற்காமலும் நிராகரிக்காமலும் அவற்றை அப்படியே நிறுத்திவைத்ததுடன், இராணுவ நடவடிக்கைகளையும் தடை செய்தது. பிணக்கு முற்றாகத் தீர்வதற்கு முன்னரே ஒத்துழைப்பு சாத்தியமாகும் என்பதற்கு இது சான்றாகும்.

வைல்ட் முனையில் இன்று நிற்பது பார்டோவின் மார்பளவுச் சிலையாகும். பிற நாட்டவர்களைக் காப்பாற்ற வந்த ஒருவரின் நினைவுச் சின்னமே உரிமைப் பிணக்குள்ள அந்த மண்ணில் பேணப்பட்டு வருகின்றது என்பது சிந்திக்கத்தக்கது.