எண்ணூர்ப் பிள்ளைகளுக்கு ஏற்ற பிரஜைப் பாடம்

சுதந்திரமானது சட்டப் புஸ்தகத்தில் எழுதப்பட்ட மாத்திரத்தில் நிலைத்துவிடாது. அதைக் கையாளத் தெரிந்த பிரஜைகள் வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்தே ஆறாம் வகுப்பு முதல் குடிமையியல் என்னும் பாடம் நம் பள்ளிக்கூடங்களில் வைக்கப்பட்டிருக்கிறது. அரசியல் சட்டம், ஸ்தல ஸ்தாபனங்கள், சாலைப் பாதுகாப்பு முதலிய விஷயங்கள் அதில் இடம் பெற்றிருக்கின்றன. நோக்கம் மிகவும் நன்று. ஆனால், சென்னை நகரசபை 1688-ம் வருஷத்தில் ஏற்பட்டது என்று பிழையின்றி எழுதி மார்க்கு வாங்கும் திருவொற்றியூர்ச் சிறுவனை அழைத்து, “தம்பி, உன் வீதி எந்த வார்டைச் சேர்ந்தது? சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரிடம் முறையிடுவாய்?” என்று கேட்டுப் பாருங்கள். அவன் விழித்தால் குற்றம் அவனுடையதன்று. பரீட்சையோடு நின்றுவிடும் பாட முறையுடையது.

மற்ற இடங்களில் இது ஒரு குறை மட்டுமே. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள கடற்கரையிலோ இது உயிரைப் பற்றிய விஷயம். துறைமுகங்கள், உர ஆலை, அனல் மின் நிலையங்கள், ஓயாது ஓடும் கண்டெய்னர் லாரிகள் ஆகியவற்றின் நடுவேதான் அங்குள்ள பிள்ளைகள் வளர்கிறார்கள். 2023-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவு நெருங்கும் வேளையில், எண்ணூர் பெரியகுப்பத்தருகே, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் வாயு கசிந்தது. உறக்கத்திலிருந்து எழுந்த ஜனங்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலும் தாங்காமல், குழந்தைகளுடன் வீடுகளை விட்டு ஓடினார்கள். பலர் வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர்க் கழிமுகத்தைப் பாழ்படுத்தியிருந்தது.

அம்மோனியா தண்ணீரில் எளிதில் கரையும். ஆகவே ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளவேண்டும். வாயு வரும் பாதையிலேயே ஓடாமல், காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்லவேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டு, அன்று மாலையே தாய்க்கும் பாட்டிக்கும் சொல்லிக்கொடுக்கக்கூடிய பாடம் இது.

இதை யாரும் தயவாகக் கேட்கவேண்டியதில்லை. போபால் நகரில் 1984-ம் வருஷம் நேர்ந்த கோர விபத்துக்குப் பின், 1989-ம் வருஷத்தில் அபாயகரமான ரசாயனங்களைப் பற்றிய விதிகளை இந்திய சர்க்கார் இயற்றியது. ஆலையில் பெரும் விபத்து நேர்ந்தால் வெளியே யாருக்கு அபாயம் வரக்கூடுமோ, அவர்களுக்கு அவ்வபாயத்தின் தன்மையையும், செய்யத்தக்கது, தகாதது இவை என்பதையும் முன்கூட்டியே தெரிவிப்பது ஆலையை நடத்துவோரின் கடமை என்று அவ்விதிகள் கூறுகின்றன. ஆலைக்கு வெளியே செய்யவேண்டிய காப்பு ஏற்பாடுகளை வருஷத்துக்கு ஒரு முறையேனும் ஒத்திகை பார்க்கவேண்டுமென்று அதிகாரிகளுக்கும் கட்டளையிட்டிருக்கின்றன. இவ்விதி ஊராரின் செவிக்கு எட்டுவதற்குப் பள்ளிக்கூடத்தைக் காட்டிலும் சிறந்த இடம் வேறெது?

சிறுவர்களைப் பயமுறுத்தலாமா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஜப்பான் தேசத்தில் கமைஷி என்னும் கடலோர நகரம் இதற்கு விடையளித்திருக்கிறது. பல வருஷங்களாகப் பள்ளிகளில் பயிற்சி பெற்றிருந்த அந்நகரத்து மாணாக்கர்கள், 2011-ம் வருஷம் மார்ச் 11-ந் தேதி பூமி அதிர்ந்ததும் பெரியோர் ஆணைக்குக் காத்திராமல் மேட்டை நோக்கி விரைந்தார்கள். மூத்த பிள்ளைகள் இளையோரின் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார்கள். ஏறக்குறைய மூவாயிரம் மாணாக்கர்களில் மிகப் பெரும்பாலோர் ஆழிப்பேரலைக்குத் தப்பினார்கள். அறியாமையே பயத்தை வளர்க்கும். பயிற்சி அதைப் போக்கும்.

ஆயினும் ஓடித் தப்புவதை மட்டும் கற்பது பிரஜைக்குப் போதாது. கேள்வி கேட்கவும் அவன் கற்கவேண்டும். தன் வார்டின் எண், கவுன்சிலரின் கடமை, நகரசபையின் 1913 என்ற புகார்த் தொலைபேசி எண் ஆகியவை அவனுக்குத் தெரிந்திருக்கட்டும். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு விண்ணப்பத்தை வகுப்பிலேயே எழுதிப் பழகட்டும். “எங்கள் பகுதியில் இவ்வருஷத்து ஒத்திகை எந்தத் தேதியில் நடந்தது?” என்ற ஒரு கேள்வி, பத்துப் பக்கக் குடிமையியலுக்குச் சமானம்.

இதற்குப் புதிய பாடப் புஸ்தகம் வேண்டாம். உபாத்தியாயர்கள் தலையில் மற்றொரு பரீட்சையைச் சுமத்தவும் வேண்டாம். மாதம் ஒரு நாள், தீயணைப்புப் படையினரும், தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரிகளும், ஆலையில் உழைத்துத் தேர்ந்த தொழிலாளரும் வகுப்புக்கு வந்து பேசினால் போதும். வலையிழுக்கும் தந்தையரும் வரட்டும்; காற்றின் திசையை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்?

ஆலைகளால் வரும் செல்வம் தேசம் முழுவதற்கும் பங்காகிறது. அபாயமோ அக்கரையோரக் குப்பங்களின் பங்காக விடப்பட்டிருக்கிறது. அந்த அபாயத்தை அறியும் உரிமையையாவது அங்குள்ள பிள்ளைகளுக்கு மறுக்கலாகாது. கல்வி இலாகாவும் நகரசபையும் இதை உடனே மேற்கொள்ளவேண்டுமென்று வற்புறுத்துகிறோம். பொதுத் தொண்டில் ஈடுபட்ட நம் நண்பர்கள் அதுவரை காத்திராமல், தத்தம் வட்டாரத்துத் தலைமை உபாத்தியாயரை இவ்வாரமே சென்று காண்பார்களாக.