பழைய கூட்டுக்குள் புதிய மதர்போர்டு

இன்டெல் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ் என்னும் அளவுத்திட்டம், மதர்போர்டின் நீள அகலத்தை 305க்கு 244 மில்லிமீட்டர் என்று வகுத்ததோடு, திருகுத் துளைகள் அமைய வேண்டிய இடங்களையும் பின்புறச் செருகுவாய்களுக்கான செவ்வகத் திறப்பையும் வரையறுத்துவிட்டதால், இருபது ஆண்டுப் பழைய கேபினட்டிலும் இன்றைய மதர்போர்டு பெரும்பாலும் பொருந்திவிடுகிறது. வெப்பத்தைக் காரணம் காட்டி அதே நிறுவனம் 2004இல் கொண்டுவந்த பி.டி.எக்ஸ் திட்டம் வேரூன்றாமல் போனது பழைய கேபினட் வைத்திருப்போரின் நல்வாய்ப்பே. ஏ.டி.எக்ஸுக்கு முந்தைய கூடுகளில் இந்த அளவிலான பின்திறப்பு இல்லை. தங்கள் கணினிகளுக்கென்றே தனி அமைப்பில் கூடு செய்த நிறுவனங்களின் பெட்டிகளும் இம்முயற்சிக்கு உதவா.

பொருத்தும்போது முதலில் கவனிக்க வேண்டியவை, மதர்போர்டுப் பலகையைக் கேபினட்டின் தகட்டிலிருந்து சற்றே உயர்த்தி நிறுத்தும் ஸ்டாண்ட்-ஆஃப் எனப்படும் சிறு பித்தளைத் தாங்கிகளாகும். பலகையின் துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தைத் தாங்கி தொடுவதால் கேடில்லை. அந்தத் தொடர்பு திட்டமிட்டே அமைக்கப்பட்டது என்பதால், சிலர் இடையில் செருகும் காகித வளையங்களுக்குத் தேவையுமில்லை. ஆனால், முந்தைய பலகைக்காகப் பொருத்திய தாங்கி ஒன்று, புதிய பலகையில் துளையே இல்லாத இடத்தில் நின்றுவிட்டால், அடிப்புறத்தில் துருத்தி நிற்கும் ஈயப் பற்றுகளை அது தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். ஸ்விட்சை அழுத்தியதும் ஃபேன் ஒரு கணம் சுழன்று நின்றுவிட்டால், ஐயப்பட வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று. 244 மில்லிமீட்டர் சதுரமான மைக்ரோ ஏ.டி.எக்ஸ் பலகைக்கு மாறும்போது, துளைகளுள் பெரும்பாலானவை பொதுவானவை என்றாலும் சில இடம் மாறுவதால், பலகையை மேலே பிடித்துத் துளைகளை எண்ணிப் பார்த்து, மிகையான தாங்கிகளைக் கழற்றிவிடுவதே முறை.

கேபினட்டின் முகப்பிலிருந்து வரும் மெல்லிய ஒயர்களில் தொல்லை சிறிது, எரிச்சல் பெரிது. பழைய கூடுகளில் பவர் விளக்கின் முனை மூன்று குழிகள் கொண்டதாய், நடுக்குழி வெறுமையாய் இருக்கும். இன்றைய பலகைகள் பலவற்றில் அதற்கு அடுத்தடுத்த இரு ஊசிகளே உள்ளன. முனையிலுள்ள பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் மெல்ல நெம்பி, ஓரத்து ஒயரை உருவி நடுக்குழிக்கு மாற்றினால் சரியாகிவிடும். ஸ்விட்ச் ஒயரை எப்படிச் செருகினாலும் இயங்கும். விளக்கு எரியாவிட்டால் திருப்பிச் செருகினால் போதும்.

மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ் மட்டும் சிக்கனத்துக்கு இடம் தரக்கூடாத உறுப்பு. முற்காலத்தவை தம் ஆற்றலில் பெரும்பங்கை 3.3, 5 வோல்ட்டில் வழங்கின. இன்றைய பிராசசரோ 4 அல்லது 8 ஊசிச் செருகி வழியாக 12 வோல்ட்டையே நாடுகிறது. 20 ஊசிச் செருகியை 24 ஊசியாக்கும் இணைப்பு ஒயர் கடைகளில் கிடைத்தாலும், அது செருகியின் வடிவத்தை மாற்றுமேயன்றி ஆற்றலைக் கூட்டாது. ஏ.டி.எக்ஸ் எஸ்.எம்.பி.எஸ்ஸின் அகலமும் உயரமும் திருகு இடங்களும் மாறாதிருப்பதால், புதியதைப் பழைய கூட்டிலேயே பூட்டிவிடலாம்.

எஞ்சுவது வெப்பம். பழைய கூடுகள் பலவற்றில் 80 மில்லிமீட்டர் ஃபேனுக்கே இடமுண்டு. உயரமான ஹீட்சிங்க்கை வைத்தால் பக்கக் கதவு மூடாது. நீண்ட கிராபிக்ஸ் கார்டு ஹார்ட் டிஸ்க் சட்டத்தில் முட்டும். சட்டம் திருகால் பூட்டப்பட்டிருந்தால் கழற்றிவிடலாம். ரிவெட் அடிக்கப்பட்டிருந்தால் டிரில்லால் துளைத்தெடுக்க நேரும். அவ்வாறு துளைப்பதாயின், இரும்புத் துகள் சிதறும் என்பதால், பலகையை உள்ளே வைக்கும் முன்பே அவ்வேலையை முடித்துக்கொள்ள வேண்டும்.