டிராக்டர் வின்ச் உதவியுடன் மரம் வீழ்த்துதல்

டிராக்டர் வின்ச் உதவியுடன் மரம் வீழ்த்துதல் என்பது, டிராக்டரின் பின்புறத்தில் பொருத்தப்பட்ட வின்ச்சின் வடத்தை மரத்தில் கட்டி, அடியில் வெட்டி முடிக்கப்பட்ட மரத்தைத் தொலைவிலிருந்து இழுத்து, விரும்பிய திசையில் விழச் செய்யும் முறையாகும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, சுலோவீனியா, பிரிட்டன், நார்டிக் நாடுகள் ஆகியவற்றின் காடுகளில் இம்முறை பரவலாகக் கையாளப்படுகிறது. இந்நாடுகள் பலவற்றில் சிறு காடுகளுக்கு விவசாயிகளே உரிமையாளர்களாக உள்ளனர். கோடையில் வயலில் ஓடும் டிராக்டரே குளிர்காலத்தில் வின்ச்சுடன் காட்டு வேலைக்குச் செல்கிறது.

வெட்டிய மரங்களைப் பாதைக்கு இழுத்து வருவதே வின்ச்சின் வழக்கமான வேலை. மரத்தை வீழ்த்தும்போது அதன் பயன் வேறு. இழுவிசையைவிட, அது தரும் இடைவெளியே இங்கு முக்கியமானது. மரம் அசையத் தொடங்கும் நொடியில் வெட்டுபவர் அதன் அடியில் நிற்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது.

தேவை ஏற்பட்ட காரணம்

ரம்பத்தால் மரம் வெட்டுபவர், மரம் பின்னோக்கிச் சாயாமல் இருக்க வெட்டில் ஆப்பு வைத்துச் சுத்தியலால் அடிப்பது மரபான முறை. உயிருள்ள, நேரான மரத்தில் இது நன்றாகவே பயன்படுகிறது. பட்டுப்போன மரத்தில் ஒவ்வோர் அடியின் அதிர்வும் தண்டு வழியாக உச்சிக்குச் செல்கிறது. உளுத்துப்போன கிளைகள் முறிந்து நேராகக் கீழே விழுகின்றன. அந்த நேரத்தில் வெட்டுபவரின் கண் ஆப்பின் மீது இருக்கும். மேலிருந்து வருவதை அவர் பார்ப்பதில்லை. தலைக்கவசம் சிறு கிளையைத் தாங்கும், பெருங்கிளையைத் தாங்காது.

அண்மைப் பத்தாண்டுகளில் ஐரோப்பியக் காடுகளில் இத்தகைய மரங்கள் பெருகின. ஆஷ் மரங்களைத் தாக்கும் பூஞ்சை நோய் 1990களின் தொடக்கத்தில் போலந்தில் கவனிக்கப்பட்டது. பிரிட்டனில் அது 2012-இல் உறுதி செய்யப்பட்டது. இந்நோய் கண்ட மரத்தின் கிளைகள் எளிதில் முறியும் தன்மை அடைகின்றன. அடித்தண்டும் பல இடங்களில் அழுகிவிடுகிறது. 2018-இல் தொடங்கிய தொடர் வறட்சியால் ஜெர்மனியில் பீச் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்தன. வறட்சியில் வலுவிழந்த ஸ்புரூஸ் மரங்களைப் பட்டை வண்டுகள் அழித்தன. இவ்வாறு பட்டுப்போன மரங்களை ஆப்பு அடித்து வீழ்த்துவது உயிருக்கு ஆபத்தானது என்பதால் வின்ச் முறை அதிக முக்கியத்துவம் பெற்றது.

பின்வரும் மரங்களுக்கும் இம்முறை பயன்படுகிறது:
• விழ வேண்டிய திசைக்கு எதிராகச் சாய்ந்திருக்கும் மரங்கள்
• சாலை, வீடு, வேலி ஆகியவற்றை ஒட்டி நிற்கும் மரங்கள்
• விழும்போது பக்கத்து மரத்தில் சிக்கிக்கொண்ட மரங்கள்

கருவியின் அமைப்பு

வின்ச், டிராக்டரின் மும்முனை இணைப்பில் மாட்டப்படுகிறது. பி.டி.ஓ. எனப்படும் சுழல்தண்டு அதற்கு ஆற்றல் தருகிறது. இதன் வழக்கமான வேகம் நிமிடத்திற்கு 540 சுற்றுகள். பண்ணை டிராக்டர்களுக்கான வின்ச்சுகள் பெரும்பாலும் 3 முதல் 10 டன் வரை இழுவிசை கொண்டவை. வடம் சுற்றப்படும் உருளை, இழுவையை இணைக்கும் கிளட்ச், இழுவை நின்றதும் உருளையைப் பிடித்துக்கொள்ளும் பிரேக் ஆகியவை இதன் முக்கியப் பகுதிகள்.

வின்ச்சின் அடியில் அகன்ற இரும்புத் தகடு ஒன்று உண்டு. வேலை தொடங்குமுன் அதைத் தரையில் இறக்கி அழுத்த வேண்டும். இழுக்கும்போது தகடு மண்ணில் ஊன்றிக்கொள்வதால் டிராக்டர் பின்னோக்கி நகராது. டிராக்டரின் பின்புறத்தில் வெறும் கயிற்றைக் கட்டி, வண்டியை முன்னே ஓட்டி மரத்தை இழுப்பது இதற்கு மாறானது. அவ்வாறு செய்யும்போது முன் சக்கரங்கள் மேலெழும்பி வண்டி பின்புறமாகக் கவிழலாம். சக்கரம் வழுக்கினால் இழுவை விட்டுவிட்டு வரும். ஆகவே மரம் வீழ்த்தும் வேலையில் டிராக்டர் நிற்க வேண்டும். வின்ச் மட்டுமே இழுக்க வேண்டும்.

வடம் எஃகுக் கம்பியாலோ செயற்கை இழையாலோ ஆனது. செயற்கை இழை வடத்தின் எடை, அதே தடிமனுள்ள எஃகு வடத்தின் எடையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் இருக்கும். சரிவில் வடத்தை இழுத்துக்கொண்டு ஏறுபவருக்கு இது பெரிய நிம்மதி. எனினும் கூரிய கல்லில் உரசினாலும் சூடேறினாலும் அது விரைவில் கெட்டுவிடும். எந்த வடமானாலும் அது அறுபடும் வலிமை, வின்ச்சின் இழுவிசையைப் போல் குறைந்தது இரு மடங்காக இருக்க வேண்டும்.

உருளையில் வடம் எவ்வளவு சுற்றப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்து இழுவிசை மாறும். உருளையின் திருப்புவிசை மாறாதது. சுற்று அடுக்கின் ஆரம் கூடக்கூட இழுவிசை குறையும். ஆரம் 10 செ.மீ. உள்ள முதல் அடுக்கில் 6 டன் இழுக்கும் வின்ச், ஆரம் 15 செ.மீ. ஆனதும் 4 டன் மட்டுமே இழுக்கும். தகட்டில் எழுதியுள்ள எண் எந்த அடுக்குக்கு உரியது என்பதை அறிந்தே கணக்கிட வேண்டும்.

கட்டும் உயரம்

நெம்புகோல் தத்துவம் இங்கு நேரடியாகப் பொருந்துகிறது. 2,000 கி.கி. எடையுள்ள மரம் ஒன்றின் புவியீர்ப்பு மையம், அதன் அடிக்கீலிலிருந்து 1 மீட்டர் பின்னால் தள்ளியிருப்பதாகக் கொள்வோம். அதைச் சமநிலையில் பிடிக்கத் தேவையான கிடைமட்ட இழுவிசை பின்வருமாறு:
• 2 மீட்டர் உயரத்தில் கட்டினால் 1,000 கி.கி.
• 5 மீட்டர் உயரத்தில் கட்டினால் 400 கி.கி.
• 8 மீட்டர் உயரத்தில் கட்டினால் 250 கி.கி.

மரத்தை நகர்த்த இதைவிடக் கூடுதல் விசை வேண்டும். உயரக் கட்டினால் குறைந்த விசையே போதும் என்றாலும், மேலே போகப்போகத் தண்டு மெலிந்து, பட்ட மரத்தில் முறியும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே உறுதியான தண்டுப்பகுதியில் மட்டுமே வடம் கட்டப்படும்.

ஏணியில் ஏறிக் கட்டுவதும் ஆபத்தே. இதைத் தவிர்க்க, நீளும் கம்பின் நுனியில் வடத்தின் கண்ணியை ஏந்தித் தரையில் நின்றபடியே உயரத்தில் மாட்டும் முறைகள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வனப் பயிற்சி மையம் அமைந்துள்ள கோனிக்ஸ்பிரான் என்னும் ஊரின் பெயரால் அழைக்கப்படுகிறது.

செய்முறை

1. ஆய்வு: மரத்தின் சாய்வு, காய்ந்த கிளைகள், அழுகல், பக்கத்து மரங்கள் ஆகியவை பார்க்கப்படுகின்றன. மரத்தைச் சுற்றி, அதன் உயரத்தைப் போல் இரு மடங்கு தொலைவு ஆபத்து வட்டமாகக் கொள்ளப்படும். வேலைக்குரியவர் தவிர வேறு எவரும் அதற்குள் இருக்கக் கூடாது.

2. டிராக்டரை நிறுத்துதல்: விழும் மரம் எட்டாத தொலைவில், உறுதியான தரையில் டிராக்டர் நிறுத்தப்படுகிறது. அதற்கு இடமில்லையெனில், விழும் திசையில் உள்ள உறுதியான மரத்திலோ அடிக்கட்டையிலோ கப்பி கட்டி, வடத்தைத் திருப்பி, டிராக்டரைப் பக்கவாட்டில் நிறுத்தலாம்.

3. வடம் கட்டுதல்: இழுக்கும் திசையும் விழ வேண்டிய திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் கீல் முறுக்கிக் கிழிந்துவிடும்.

4. வெட்டுதல்: விழும் பக்கத்தில், தண்டின் விட்டத்தில் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை ஆழமுள்ள முன்வெட்டு போடப்படுகிறது. பின்பு ரம்பத்தின் நுனியைத் தண்டினுள் செலுத்தி நடுப்பகுதி வெட்டப்படுகிறது. முன்புறம் விட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கீலாகவும், பின்புறம் ஒரு பட்டை பிடிப்பாகவும் விடப்படுகின்றன. பின்வெட்டு, முன்வெட்டின் அடித்தளத்தைவிடச் சற்று உயரத்தில் இருக்கும். இந்தப் படி, இழுக்கும்போது தண்டு கட்டையின் மீது வழுக்கி வராமல் தடுக்கிறது. காப்புக்காக ஓர் ஆப்பும் வெட்டில் செருகப்படுகிறது.

5. பிடிப்பை அறுத்தல்: வடம் மிதமாக இறுக்கப்பட்ட நிலையில் பின்புறப் பிடிப்பு அறுக்கப்படுகிறது. வெட்டுபவர் உடனே, முன்பே துப்புரவு செய்து வைத்த வழியில் பின்பக்கமாகச் சாய்வாக விலகிச் செல்கிறார்.

6. இழுத்தல்: வெட்டுபவர் பாதுகாப்பான இடத்தை அடைந்து, உச்சியைப் பார்த்தபின் சைகை தருகிறார். அதன் பின்னரே வின்ச் இழுக்கத் தொடங்கும். மெதுவாகத் தொடங்கி, மரம் தன் எடையாலேயே விழத் தொடங்கும் வரை இடையில் நிறுத்தாமல் இழுக்க வேண்டும். திடீரென வெட்டி இழுத்தால் உச்சி குலுங்கும். ஆப்பின் அடியால் விழுந்த கிளைகள் இப்போது வின்ச்சின் குலுக்கலால் விழும்.

ரேடியோ ரிமோட் இருந்தால் வெட்டுபவரே விலகி நின்று வின்ச்சை இயக்கலாம். இல்லையெனில் மற்றொருவர் இயக்குவார். அப்போது கட்டளை தருபவர் ஒருவராகவே, அதாவது வெட்டுபவராகவே இருக்க வேண்டும். ரிமோட் இருப்பது தனியாளாக வேலை செய்வதற்கான அனுமதி அன்று. அடிபட்டால் உதவிக்கு வரக்கூடிய ஒருவர், கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் இருத்தல் வேண்டும்.

வடத்தால் வரும் ஆபத்துகள்

வின்ச் ஓர் ஆபத்தை நீக்கும்போது வேறு சில ஆபத்துகளைக் கொண்டுவருகிறது.

தண்டு பிளத்தல்: பின்வெட்டு முடியுமுன் பலமாக இழுத்தால் தண்டு நெடுக்காகப் பிளந்து, பின்பகுதி வெட்டுபவரை நோக்கிச் சீறி எழும். இதனால்தான் ரம்பம் ஓடும்போது வடம் மிதமான இறுக்கத்தில் மட்டுமே வைக்கப்படுகிறது.

வடம் அறுதல்: இறுகிய வடம் அறுந்தால் சாட்டை போல் திரும்பி அடிக்கும். இழுவையின்போது வடத்தின் அருகிலோ அதன் நேர்க்கோட்டிலோ எவரும் நிற்பதில்லை. இழை தெறித்த, நசுங்கிய, முறுக்கேறிய வடங்கள் கழித்துவிடப்படுகின்றன.

கப்பியின் உட்கோணம்: கப்பியில் வளைந்து செல்லும் வடத்தின் உட்பகுதியில் நிற்பது மிக ஆபத்தானது. கப்பியோ அதன் கட்டோ விட்டுப்போனால் வடம் அப்பகுதி முழுவதையும் வாரிக்கொண்டு நேராகும். மேலும், வடம் செங்கோணத்தில் திரும்பும்போது கப்பியின் கட்டு இழுவிசையைப் போல் 1.4 மடங்கையும், வந்த திசையிலேயே திரும்பும்போது 2 மடங்கையும் தாங்குகிறது. 5 டன் வின்ச்சுக்கு 5 டன் பட்டை போதும் என்று எண்ணுவது தவறு.

சிக்கிய மரங்கள்

பக்கத்து மரத்தில் சாய்ந்து நிற்கும் மரத்தின் கீழே செல்வதும், அதைத் தாங்கும் மரத்தை வெட்டுவதும் உயிரிழப்புக்கு இட்டுச் செல்லும் செயல்கள். வின்ச் இருந்தால் சிக்கிய மரத்தின் அடிப்பகுதியில் வடம் கட்டி, அதைக் கட்டையிலிருந்து பின்னோக்கி இழுத்து, உச்சி வழுக்கி இறங்கும்படி செய்யலாம். அதன்பின் ரம்பத்துடன் எவரும் சாய்ந்த மரத்தின் கீழ் போக வேண்டியதில்லை.

வரம்புகள்

கீல் உறுதியாக இருந்தால் மட்டுமே மரம் இழுத்த திசையில் விழும். அடித்தண்டு முழுதும் அழுகிய மரத்தில் கீல் நிற்காது. வடம் இழுத்தாலும் மரம் எப்பக்கமும் சரியலாம். மின்கம்பியை எட்டும் மரங்களும் இம்முறைக்கு உரியவை அல்ல. இத்தகைய மரங்களுக்கு மூடிய அறையுடன் கூடிய அறுவடை இயந்திரங்களோ பளுதூக்கிகளோ அமர்த்தப்படுகின்றன. ரிமோட்டால் முடுக்கப்படும் இயந்திர ஆப்புகளும் தற்போது விற்பனையில் உள்ளன. அதிர்வின்றி மரத்தைச் சாய்ப்பதும், அச்சமயம் ஆளை அப்பால் வைப்பதும் அவற்றின் நோக்கங்களே. வடம் கட்டவும் டிராக்டரை நிறுத்தவும் ஆகும் கூடுதல் நேரமே வின்ச் முறையின் குறையாகச் சொல்லப்படுகிறது. பட்ட மரங்கள் மிகுந்த காடுகளில் அந்த நேரம் வேலையின் ஒரு பகுதியாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும்.