முட்டிடிச்சான் தேரியும் முழங்கால் வலியும்

அகஸ்தியர்கூடம் மலை ஏறுகிறவர்களை முதல் நாள் பிற்பகலில் திணற வைக்கும் ஓர் ஏற்றம் இருக்கிறது. அதன் பெயர் முட்டிடிச்சான் தேரி. முட்டு என்றால் மலையாளத்தில் முழங்கால். தேரி என்றதும் நெல்லைச் சீமைக்காரர்களுக்குத் திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் மேடுதான் நினைவுக்கு வரும். இங்கே அது செங்குத்தான ஏற்றம். ஒரு காலைத் தூக்கி மேலே வைத்தால் முழங்கால் வந்து மார்பில் இடிக்கும் என்பதால் இந்தப் பெயர்.

வித்துராவிலிருந்து போணக்காடு போய், அங்கிருந்து காட்டுக்குள் நடக்க வேண்டும். முதல் நாள் அதிருமலை முகாம் வரை சுமார் 14 கிலோமீட்டர். மறுநாள் உச்சிக்கு இன்னும் 6 கிலோமீட்டர். உச்சியை நெருங்கும்போது கயிற்றைப் பிடித்துப் பாறையில் ஏற வேண்டும். மூன்றாம் நாள் திரும்பி நடக்க வேண்டும். மலையின் உயரம் 1,868 மீட்டர். அதாவது, 6 ஆயிரம் அடிக்கு மேல்.

தமிழுக்கு இலக்கணம் தந்த முனிவர் இருக்கும் மலை என்பதால், இதைக் காணத் தமிழர்களுக்குத் தனி ஆசை உண்டு. ஆனால் முனிவரைப் பார்க்க ஆசை மட்டும் போதாது. வனத்துறையில் முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும். உடல் தகுதி உண்டு என்று டாக்டரிடம் சான்று வாங்கிக் காட்டவும் வேண்டும்.

நீண்ட காலம் பெண்களை உச்சிக்கு விடாமல் இருந்தார்கள். 2018-ம் ஆண்டு நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறையின் மக்கள் தொடர்பு அதிகாரி தன்யா சனல் உச்சியைத் தொட்டார். அப்போது அவருக்கு வயது 38.

மலைக்குப் போக நினைக்கிறவர்கள் இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே நடந்து பழக வேண்டும். மலைக்குப் போகாதவர்களுக்கும் டாக்டர் சொல்வது அதுவேதான். "எடையைக் குறையுங்கள், தினமும் நடங்கள்." எல்லோரும் தொடங்கத்தான் செய்கிறார்கள். முதல் வாரம் உற்சாகம். இரண்டாம் வாரம் முழங்கால் வலி. மூன்றாம் வாரம் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நிற்கிறார்கள். முள் இருந்த இடத்திலேயே நிற்கிறது. நான்காம் வாரம் புது ஷூ கட்டிலுக்கடியில் போய்விடுகிறது.

இப்படி விட்டுவிடுகிறவர்கள் உண்மையில் எதை இழக்கிறார்கள்?

லயத்துக் கால்கள்

போணக்காடு, பொன்முடி வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு வந்து லயங்களில் குடியேறியவர்களில் தமிழர்கள் ஏராளம். கொழுந்து கிள்ளுகிறவர்கள் நாள் முழுவதும் சரிவில் நின்றார்கள், ஏறினார்கள், நிறைந்த சாக்கைச் சுமந்து எடை போடும் இடத்துக்கு இறங்கினார்கள். அந்தக் காலத்தில் "நடைப் பயிற்சி போ" என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இன்று போணக்காட்டுத் தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. லயத்துப் பிள்ளைகளில் பலருக்குக் கடையிலும் ஆபீசிலும் ஓட்டலிலும் வேலை. நாற்காலியில் எட்டு மணி நேரம், பஸ்சில் இரண்டு மணி நேரம். அப்பா சாப்பிட்ட அளவுச் சோறு மட்டும் மாறவில்லை. அப்பா அந்தச் சோற்றை மலையில் கரைத்தார். பிள்ளைக்கு அது வயிற்றில் தங்கிவிடுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-ம் ஆண்டு வெளிவந்தது. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி என்று அது கணக்கிட்டது. கேரளத்தில் வயது வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு இருக்கிறதாம். தமிழ்நாட்டுக்காரர்கள் இதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, அளவுக்கு மீறிய எடையுள்ள பெண்கள் கேரளத்தில் 100-க்கு 38 பேர், தமிழ்நாட்டில் 40 பேர்.

வலி இரண்டு வகை

நடக்கத் தொடங்கிய மறுநாள் தொடையும் கெண்டைக்காலும் வலிக்கும். இரண்டாம் நாள் அது அதிகமாகும். மூன்று நான்கு நாளில் தானே போய்விடும். பழக்கமில்லாத வேலையைச் செய்த தசை சொல்லும் முறையீடு இது. இதற்காக நடையை நிறுத்த வேண்டியதில்லை. தூரத்தைப் பாதியாக்கினால் போதும்.

மூட்டு வலி வேறு. உட்கார்ந்து எழும்போது கொஞ்சம் பிடித்து, பத்து நிமிடம் நடந்ததும் தளர்ந்துவிடுகிற வலியோடு நடக்கலாம். ஆனால் முழங்கால் வீங்கினாலோ, சூடாக இருந்தாலோ, மடக்கிய கால் நீட்ட முடியாமல் சிக்கிக்கொண்டாலோ, ஊன்றவே முடியாவிட்டாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சை அழுத்தினாலும், வலி தோளுக்கோ தாடைக்கோ ஏறினாலும், தலை சுற்றினாலும் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "வாயுப் பிடிப்பு" என்று பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருப்பது ஆபத்து.

வித்துரா மேடு பள்ளமான ஊர். ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் முழங்காலைப் படுத்துவது இறக்கம்தான். உடம்பின் பாரம் முழுவதையும் தொடைத் தசை பிடித்து நிறுத்த வேண்டியிருப்பதால், இறங்கும்போது மூட்டின் மேல் அழுத்தம் அதிகம். அகஸ்தியர்கூடம் போய் வந்தவர்களைக் கேட்டால், ஏறிய நாளை விட இறங்கிய நாளைத்தான் நொந்துகொள்வார்கள். ஆகவே முழங்கால் வலிக்காரர்கள் ஏற்றத்தை நடந்து ஏறி, இறக்கத்துக்குப் பஸ் பிடிக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. தொடைத் தசை வலுத்தால் மூட்டின் சுமை குறையும். மேஜைக்கு அடியில் நடப்பது மேலதிகாரிக்குத் தெரியப்போவதில்லை.

மூட்டு வலிக்காரர்களுக்குத் தெம்பு தரும் கணக்கு ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் மூட்டுத் தேய்மானம் உள்ள பருத்த முதியவர்களை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்ட முடிவு இது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்கால் மேல் விழும் பாரத்தில் நான்கு கிலோ குறைகிறது. இரண்டே கிலோ குறைத்தவர் "என்ன பெரிதாகக் குறைந்துவிட்டது?" என்று சலித்துக்கொள்கிறார். அவருடைய முழங்காலுக்கு அடிக்கு எட்டு கிலோ இறங்கியிருக்கிறது.

முள் நகரவில்லை

இனி எடை பார்க்கும் இயந்திரத்துக்கு வருவோம். பாதிப் பேரைத் திருப்பி அனுப்புவது இதுதான்.

முதல் பத்து நாளில் இரண்டு கிலோ குறைந்ததும் ஊரெல்லாம் சொல்கிறார்கள். அதில் பெரும் பகுதி தண்ணீர். பிறகு இறக்கம் மெதுவாகிறது. உடம்பு இளைக்க இளைக்க அதற்குத் தேவைப்படும் சக்தியும் குறைவதால், சில வாரம் முள் அப்படியே நிற்கும். இதற்கிடையில் "நடந்தாயிற்றே" என்ற தைரியத்தில் டீக்கடையில் இரண்டு பழம்பொரி உள்ளே போயிருக்கும். அரை மணி நேர நடை அதிலேயே கழிந்தது.

முள் நகராவிட்டால் பட்ட பாடெல்லாம் வீணா? இல்லை என்று காட்டியது சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சி. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் நடந்த அந்த ஆராய்ச்சியின் முடிவு 2006-ல் வெளிவந்தது. சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு நடை, அளவான சாப்பாடு என்று விடாமல் ஊக்கம் கொடுத்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் முதல் பிரிவில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடந்த பிரிவில் 39 பேருக்குத்தான் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நடந்தவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை! முள் அசையவில்லை, ஆனால் வியாதி பலருக்குத் தள்ளிப் போயிற்று. உழைக்கும் தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்து எரித்துவிடுகிறது. அதை எந்தத் தராசும் காட்டாது.

தராசை விடத் தையல்காரரின் நாடா நல்லது. தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி அளந்தால், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80-க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது இந்தியர்களுக்கு வைத்திருக்கும் அளவு. மாதம் ஒருமுறை அளந்தால் போதும். நாடா இல்லாதவர்களுக்கு பெல்ட் ஓட்டை இருக்கிறது.

நாலு பேர் துணை

வித்துராவிலிருந்து அதிக தூரமில்லாத நெய்யாற்றின்கரை தாலுகாவில் 2013 முதல் சில ஆண்டுகள் ஒரு முயற்சி நடந்தது. 60 வாக்குச்சாவடிப் பகுதிகளிலிருந்து, சர்க்கரை வரும் அபாயமுள்ள 1,007 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப் பகுதிகளில் உள்ளவர்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்தார்கள். குழுவை நடத்தியவர் டாக்டரும் அல்ல, நர்சும் அல்ல. குழுவில் ஒருவரையே பயிற்சி கொடுத்துத் தலைவராக்கினார்கள். ஓராண்டுக் காலம் கூடிப் பேசினார்கள், சேர்ந்து நடந்தார்கள், யோகா செய்தார்கள், வீட்டுத் தோட்டம் போட்டார்கள்.

2018-ல் முடிவு வெளிவந்தது. குழுவில் இருந்தவர்களில் 100-க்கு 15 பேருக்கும், இல்லாதவர்களில் 17 பேருக்கும் சர்க்கரை வந்திருந்தது. இந்த வித்தியாசம் சிறியது. இதை வைத்து நோயைத் தடுத்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்று ஆராய்ச்சியாளர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் குழுவினர் காய்கறி, பழம் அதிகம் சாப்பிட்டார்கள். குடி குறைந்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் தெம்பு கூடியது. பெரிய வெற்றி என்று பறைசாற்ற முடியாது. ஆனால் ஆஸ்பத்திரிச் செலவே இல்லாமல், அக்கம்பக்கத்தார் கூடிச் செய்த காரியம் அது.

ஊர் விட்டு ஊர் வந்து தனி அறையில் தங்கி இருப்பவருக்குக் குழு ஏது? அவர்களுக்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. அதே சென்னைக் குழுவினர், வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரிடம் இன்னோர் ஆராய்ச்சி செய்து 2013-ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு மொபைல் போனில் நடை, சாப்பாடு பற்றிய சிறு குறுஞ்செய்திகள் போய்க்கொண்டே இருந்தன. அவ்வளவுதான். இரண்டு ஆண்டில் செய்தி வராதவர்களில் 100-க்கு 27 பேருக்குச் சர்க்கரை வந்தது. செய்தி வந்தவர்களில் 18 பேருக்கு. அறையில் கூட இருப்பவர் காலையில் "எழுந்திரு அண்ணே, நேரமாச்சு" என்று தட்டி எழுப்பினால் அதுவும் ஒரு குறுஞ்செய்திதான்.

மழையும் தீபாவளியும்

இந்த வட்டாரத்தில் நடையை முறிப்பதில் மழைக்கே முதலிடம். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி ஒருமுறை, ஐப்பசியில் இடியோடு வரும் துலாவர்ஷம் மறுமுறை. பாதை வழுக்கும், அட்டை கடிக்கும். காட்டை ஒட்டிய வழிகளில் இருட்டில் நடப்பது எந்த மாதத்திலும் கூடாது. யானைக்கு நம் நடைப் பயிற்சி தெரியாது. மழை நாளில் பஸ் நிலையக் கூரைக்கடியில் பத்து நிமிடம், சாப்பிட்ட பிறகு வராந்தாவில் பத்து நிமிடம், மாடிப்படியில் பத்து நிமிடம் என்று சேர்த்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட நடை வேண்டும் என்கிறது. அதை ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

அடுத்து, சொந்த ஊர்ப் பயணம். தீபாவளி, பொங்கல், கோவில் கொடை, மச்சினன் கல்யாணம். பத்து நாள் நடை போகும், இரண்டு கிலோ ஏறும். திரும்பி வந்ததும் "எல்லாம் போச்சு" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். போனது பத்து நாள்தான். ஆனால் திரும்பி வந்த முதல் நாளே பழைய தூரத்தை எட்டிப் பிடிக்க ஓடக் கூடாது. வலி வந்து மறுபடி படுக்க வைப்பது அந்த அவசரம்தான். பாதித் தூரத்தில் தொடங்கி இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கு வரலாம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்கக் கூடாது. திடீரென்று வியர்த்து, கை நடுங்கினால் வாயில் போட்டுக்கொள்ளச் சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும்.

அகஸ்தியர்கூடத்தின் மலையேற்றப் பருவம் ஜனவரியில் தொடங்குகிறது. அதற்கு ஆயத்தமாகிறவர்கள் ஐப்பசி மழை ஓயும் முன்பே நடக்கத் தொடங்கினால்தான் கால் பழகும். அதிருமலைக்குப் போகும் வழியில் முட்டிடிச்சான் தேரி தனியாக வருவதில்லை. அதற்கு முன்னால் ஏழுமடக்கன் தேரி என்று ஒன்று, மடிந்து மடிந்து ஏறிக்கொண்டே போகிறது. அங்கே பாதி மடிப்பில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, பின்னால் வருகிறவர்களுக்கு வழி விட்டுவிட்டு, பிறகு எழுந்து நடப்பவர்களும் சாயங்காலத்துக்குள் முகாமுக்கு வந்து கஞ்சி குடிக்கிறார்கள்.