காகிதக் குழலும் பித்தளைக் கூடும்

தீபாவளிக்கு மறுநாட் காலையில் வாசலைப் பெருக்கி, கூடை கூடையாக வாரிக் கொட்டுகிறோமே, அவை என்ன? சிவகாசியிலும் அதைச் சூழ்ந்த விருதுநகர் ஜில்லாக் கிராமங்களிலும் ஏழை எளியவர்களின் கைகள் சுருட்டி ஒட்டிய காகிதக் குழல்கள். அவை பிறந்ததே ஒரு முறை வெடித்துக் கிழிவதற்காக. கிழிந்த பின் அவற்றை ஏறெடுத்துப் பார்ப்பார் இல்லை.

ஆனால், மருந்தை உள்ளே அடக்கி, அது வெடித்த பின்னும் கிழியாமல், மறுபடி மருந்தேற்றத் தகுதியாய் நிற்கும் குழல் ஒன்றும் உண்டு. அதுவே துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூடு.

தோட்டாவும் ஆதியில் காகிதமாகத்தான் இருந்தது. 1857-ஆம் வருஷத்தில், சிப்பாய்கள் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டிய காகிதத் தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருப்பதாகப் பரவிய செய்தி தேசத்தையே கொதிக்க வைத்தது. அவ்வாண்டு மார்ச் 29-ஆம் தேதி பாரக்பூரில் மங்கள் பாண்டே எழுந்தார். அதே பாரக்பூரை அடுத்த இஷாபூரில், சுதந்திர இந்தியா 1960-களில் தன் படைக்காகத் தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியைச் செய்யத் தொடங்கியது. அதன் தோட்டாக் கூடு 51 மில்லிமீட்டர் நீளமுள்ள பித்தளை. நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம்.

இக்கூடு செய்யும் வேலை அற்புதமானது. மருந்து பற்றியதும், காற்று மண்டல அழுத்தத்தைப்போல் 3,000 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டாகிறது. பித்தளை உப்பித் துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, புகை பின்னே வராமல் தடுக்கிறது. குண்டு போனதும் சிறிது சுருங்கி, வெளியே வந்து விழுகிறது. ஆனால் பழைய அளவுக்கு முழுதும் திரும்புவதில்லை. சற்றுப் பருத்தும் நீண்டும் விடுகிறது.

கையால் தாழை இழுத்துப் பூட்டும் துப்பாக்கியில் இது பெரிய இடைஞ்சலன்று. அதே துப்பாக்கியில் உப்பிய கூடு அதன் அறைக்கு ஏறக்குறைய இணங்கிவிடும். கொஞ்சம் இறுக்கினாலும் கையின் பலம் தாழைப் பூட்டிவிடும். தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியின் கதை வேறு. அதில், வெடித்த வாயுவின் ஒரு பகுதியே தாழைப் பின்னுக்குத் தள்ளிப் பழைய கூட்டை எறிகிறது. சுருள்வில் ஒன்றே புதிய தோட்டாவை உள்ளே தள்ளித் தாழைப் பூட்டுகிறது. வில்லுக்குக் கையின் பலமும் இல்லை, கண்ணும் இல்லை. கூடு சற்றுப் பெரிதாக இருந்தால் தாழ் பாதி வழியில் நின்றுவிடும்.

ஆதலால், மீண்டும் மருந்தேற்றுமுன் கூட்டுக்கு எண்ணெய்ப் பசை தடவி, எஃகு அச்சினுள் அழுத்தி, வாயிலிருந்து அடிவரை பழைய அளவுக்குக் கொண்டு வருகிறார்கள். பிறகு நீண்டுபோன விளிம்பை நறுக்குகிறார்கள். நசுங்கிய குடத்துக்குத் தெருவில் ஒடுக்கெடுப்பவனை நாம் அறிவோம். இதுவும் ஒருவகை ஒடுக்கெடுப்புத்தான். ஆனால் இங்கே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கும் கணக்கில் சேரும். குறைவாக அழுத்தினால் துப்பாக்கி அடைத்துக்கொள்ளும். அதிகமாக அழுத்தினாலோ, கூட்டுக்கும் அறைக்கும் இடையே வெளி உண்டாகி, ஒவ்வொரு வெடிப்பிலும் பித்தளை இழுபட்டு மெலிந்து, ஒரு நாள் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே அறுந்து போகும். அப்போது அனல் வாயு சுடுபவன் முகத்தை நோக்கி வரவும் கூடும்.

பித்தளைக்குப் பொறுமையும் அளவோடுதான். தட்டத் தட்ட அது இறுகி நொறுங்கும் தன்மை அடைகிறது. அதனால்தான் நம் கன்னார் தவலையை இடையிடையே நெருப்பில் காய்ச்சித் தட்டுகிறார்கள். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படை இப்பாடத்தை நஷ்டப்பட்டுக் கற்றது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் தாமே விரிசல் கண்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், ஈரமும், இறுக்கிய பித்தளைக்குள் தங்கிய விறைப்பும் சேர்ந்ததே காரணம் என்று 1921-இல் விஞ்ஞானிகள் விளக்கினர். பதமாகக் காய்ச்சி விறைப்பை நீக்குவதே அதற்குப் பரிகாரம்.

அமெரிக்காவில் குறி பார்த்துச் சுடுவோர் பலர் வீட்டிலேயே இவ்வேலையைச் செய்துகொள்கிறார்கள். நம் நாட்டில் அது கூடாது. 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் அந்நியர் நம்மை நம்பாமல் இட்ட விலங்கு. 1959-இல் நம் பார்லிமெண்டே இயற்றிய சட்டமும் உரிமமின்றித் தோட்டா செய்வதைக் குற்றமென்கிறது. இது நம் தெருவின் பாதுகாப்புக்காக நாமே இட்டுக்கொண்ட வேலி. படைக்குரிய தோட்டாக்கள் புனாவை அடுத்த கட்கி போன்ற அரசாங்கத் தொழிற்சாலைகளில் செய்யப்படுகின்றன. நீலகிரி அருவங்காட்டில் மருந்து தயாராகிறது.

இவ்வளவையும் சிவகாசியை நினைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பித்தளைக் கூட்டுக்கு எது விதியோ, காகிதக் குழலுக்கும் அதுவே விதி: அளவே காப்பு. ஒரு கொட்டகையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று சட்டம் வரம்பு கட்டுவது அதற்காகத்தான். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசிக்கருகே முதலிப்பட்டியில், விதி மீறலுக்காக உரிமம் நிறுத்தப்பட்டிருந்த தொழிற்சாலை ஒன்றில் வேலை நடந்தது. வெடி விபத்தில் சுமார் 40 பேர் மாண்டனர்.

ஒடுக்கெடுத்த குடம் மீண்டும் தண்ணீர் சுமக்கும். அச்சில் அழுத்திய கூடு மீண்டும் மருந்து தாங்கும். குழல் சுருட்டும் கைகளைப் பழையபடி ஆக்க எந்த அச்சும் இல்லை. பட்டாசு வாங்கும்போது விலையை மட்டும் கேளாமல், அது அளவறிந்த இடத்தில் செய்யப்பட்டதா என்றும் கேட்போமாக.