20 ரூபாய் சாப்பாடு 30 ரூபாயானது ஏன்? கேரள மகளிர் உணவகங்களின் கணக்கு

கேரளத்தில் 20 ரூபாய்க்கு மதியச் சாப்பாடு வழங்கி நாடெங்கும் பேசப்பட்ட ஜனகீய ஹோட்டல்களில், 2023 ஆகஸ்டில் விலை 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு சாப்பாட்டுக்கு மாநில அரசு வழங்கிவந்த 10 ரூபாய் மானியம் நிறுத்தப்பட்டதே காரணம். கணக்கேட்டில் உணவகத்துக்கு இழப்பு ஏதுமில்லை. முன்பு வாடிக்கையாளர் 20 ரூபாயும் அரசு 10 ரூபாயும் தந்தனர். விலை உயர்வுக்குப் பின் வாடிக்கையாளரே 30 ரூபாயையும் தந்தார். ஆனால், இவற்றை நடத்தும் பெண்களை நெருக்கடியில் தள்ளியது இந்த உத்தரவு மட்டுமல்ல. அதற்கு முன்பே மாதக்கணக்கில் தேங்கிவிட்ட மானிய நிலுவைதான் முதன்மைக் காரணம்.

இந்த உணவகங்கள், கேரள அரசு 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தைச் சேர்ந்தவை. அதன் அடிப்படை அலகு 10 முதல் 20 பெண்கள் கொண்ட 'அயல்கூட்டம்'. அண்டை வீட்டார் குழு என்று தமிழில் சொல்லலாம். இக்குழுக்களின் பெண்கள் சிலர் இணைந்து ஓர் உணவகத்தை நடத்துகின்றனர். 2020-ம் ஆண்டு மாநில பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட இத்திட்டம், கொரோனா காலத்தில் வேகமெடுத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களுக்குப் பரவியது. இடம், மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றை உள்ளாட்சி அமைப்புகள் ஏற்றன. அரிசி, சப்ளைகோ மூலம் கிலோ 10.90 ரூபாய்க்குக் கிடைத்தது. காய்கறி, தேங்காய், எண்ணெய், எரிவாயு ஆகியவற்றுக்குச் சந்தை விலைதான்.

சிக்கல் எங்கே?

நாளொன்றுக்கு 200 சாப்பாடு விற்கும் உணவகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அரசிடமிருந்து வரவேண்டிய மானியம் நாளுக்கு 2,000 ரூபாய். மாதத்தில் 25 நாள் இயங்கினால் 50,000 ரூபாய். ஆறு மாதம் வராவிட்டால் 3 லட்சம் ரூபாய். காய்கறிக் கடைக்காரர் அதுவரை பொறுத்திருக்கமாட்டார். பலர் கடன் வாங்கி உணவகத்தை நடத்தினர். சில உணவகங்கள் மூடப்பட்டன. நிலுவையைக் கேட்டுப் பெண்கள் போராட்டத்திலும் இறங்கினர். மானியம் என்ற சொல் அரசு கொடுப்பதைக் குறிக்கிறது. இங்கோ அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள் இப்பெண்களே என்பதுதான் உண்மை நிலை.

குடும்பஸ்ரீயிலேயே வேறொரு முன்மாதிரியும் உண்டு. அங்கன்வாடிகள் வழியாக மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வழங்கப்படும் 'அமிர்தம் நியூட்ரிமிக்ஸ்' சத்துமாவைத் தயாரிப்பவை மகளிர் குழுக்களே. கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா, சர்க்கரை சேர்ந்த இந்த மாவு, காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியுடன் உருவாக்கப்பட்டது. அங்கன்வாடி உணவு விநியோகத்தில் ஒப்பந்ததாரர்களை ஈடுபடுத்தக் கூடாது, கிராமச் சமூகங்களுக்கும் சுயஉதவிக் குழுக்களுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் பிறப்பித்த உத்தரவு இத்தகைய குழுக்களுக்கு வலுச் சேர்த்தது. இங்கே வாங்குபவர் உறுதி. எவ்வளவு தயாரிக்க வேண்டும் என்பதும் முன்கூட்டியே தெரியும். ஆனால், வாங்குபவர் ஒருவரே என்பதால் பேரம் பேச இடமில்லை.

பீகாரில் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி காணப்பட்டுள்ளது. அம்மாநிலத்தின் ஜீவிகா சுயஉதவிக் குழுப் பெண்கள் 2018-ல் வைஷாலி மாவட்ட மருத்துவமனையில் 'தீதி கி ரசோய்' உணவகத்தைத் தொடங்கினர். அவர்களுக்குப் பயிற்சி அளித்ததில் குடும்பஸ்ரீக்கும் பங்குண்டு. உள்நோயாளிகளின் உணவுக்கான பணம் மருத்துவமனை ஒப்பந்தப்படி வருகிறது. உடன் வருவோரும் ஊழியர்களும் சாப்பிட்டவுடன் ரொக்கமாகத் தந்துவிடுகின்றனர். ஒப்பந்தத் தொகை தாமதமானாலும், மறுநாள் காய்கறி வாங்கக் கையில் காசு இருக்கும்.